பழைய அமெரிக்கப் பாடல்களுக்கு எந்தத் தொகுப்பு: சினாட்ராவா, எலாவா, மலிவுப் பெட்டியா?

வெர்வ் நிறுவனத்துக்காக எலா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடிய ‘சாங் புக்’ வரிசை முழுவதையும் 16 குறுந்தட்டுகளில் அடக்கி 1993-இல் வெளியான பெட்டியைத்தான் நான் கடைசியில் வாங்கினேன். அதற்குப் போட்டியாக என் முன் இருந்தவை இரண்டு. ஒன்று, ஃபிராங்க் சினாட்ராவின் நூற்றாண்டையொட்டி 2015-இல் வந்த ‘அல்டிமேட் சினாட்ரா’ தொகுப்பின் நான்கு தட்டுப் பதிப்பு. மற்றொன்று, ஐரோப்பாவில் பல சிறு நிறுவனங்கள் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் பத்துத் தட்டு, இருபது தட்டுப் பெட்டிகள். மூன்றிலும் கிடைப்பது ஏறத்தாழ ஒரே பாடல் உலகம்தான்: 1920-கள் தொடங்கி 1950-கள் வரை நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் கெர்ஷ்வின் சகோதரர்கள், கோல் போர்ட்டர், இர்விங் பெர்லின், ரோஜர்ஸ்–ஹார்ட், ஜெரோம் கெர்ன், ஹெரால்டு ஆர்லென் போன்றோர் எழுதியவை.

குரலைப் பற்றி வாதிட ஒன்றுமில்லை. சினாட்ராவின் குரல் பிடித்தவருக்கு எலாவை வாங்கச் சொல்வதும், எலாவின் குரலில் மயங்கியவருக்கு சினாட்ராவைப் பரிந்துரைப்பதும் வீண் வேலை. விலையில் மலிவுப் பெட்டிகளை எதுவும் நெருங்க முடியாது. அட்டை, கையேடு, படங்கள் ஆகியவற்றில் பெரிய நிறுவனங்களின் வெளியீடுகள் முந்துகின்றன.

வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி என்பது என் கருத்து. தட்டில் இருப்பது அந்தப் பாடலின் எந்தப் பதிவு? இந்தக் காலத்துப் பாடகர்கள் ஏறக்குறைய அனைவருமே தம் புகழ்பெற்ற பாடல்களை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவு செய்திருக்கிறார்கள். தொகுப்பின் பின்னட்டையில் பாடலின் பெயர் மட்டும் இருக்கும், ஆண்டு இருக்காது. பிங் கிராஸ்பியின் “ஒயிட் கிறிஸ்துமஸ்” இதற்கு நல்ல சான்று. அவர் அதை 1942-இல் பதிவு செய்தார். மறுபடி மறுபடி தட்டு அச்சிட்டதில் மூலப்பதிவே தேய்ந்துபோனதால் 1947-இல் அதே இசைக்குழுவையும் அதே பாடகர் குழுவையும் கூட்டி மீண்டும் பாட வேண்டியதாயிற்று. இன்று பெரும்பாலும் ஒலிப்பது அந்த இரண்டாம் பதிவு. அங்கே வேறுபாடு நுட்பமானது. பலர் கவனிக்கவே மாட்டார்கள்.

நாட் கிங் கோல் விஷயத்தில் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. “நேச்சர் பாய்” 1948-இலும், “மோனா லிசா” 1950-இலும், “அன்ஃபர்கெட்டபிள்” 1951-இலும் மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியில், வெளிவந்தவை. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 முதல் கடைக்கு வந்தபின், பழைய வெற்றிப் பாடல்களைப் புதிய ஒலியில் தர விரும்பிய கேபிடல் நிறுவனம் அவரை மறுபடி பாட வைத்து, 1961-இல் ‘தி நாட் கிங் கோல் ஸ்டோரி’ என்று வெளியிட்டது. இடது, வலது ஒலிபெருக்கிகளில் வாத்தியங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும் “நேச்சர் பாய்” உங்கள் தொகுப்பில் இருந்தால், அது முதலில் வந்த 1948-ஆம் ஆண்டுப் பதிவாக இருக்க வழியில்லை. மறுபதிவு கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பத்துப் பதின்மூன்று ஆண்டுகள் மூத்த ஒரு குரல், தன் பழைய பாடலைத் திரும்பிப் பார்த்துப் பாடுவது.

சினாட்ராவிடம் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. காரணம் நிறுவன மாற்றம். 1943 முதல் கொலம்பியாவிலும், 1953 முதல் கேபிடலிலும் பாடியவர், 1960-இல் ரிப்ரைஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய பதிவுகளின் உரிமை கேபிடலிடம் இருந்ததால், அவற்றில் சிலவற்றை மீண்டும் பாடி 1963-இல் ‘சினாட்ராஸ் சினாட்ரா’ என்று வெளியிட்டார். போர்ட்டரின் “ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்” கேபிடல், ரிப்ரைஸ் இரண்டிலும் உண்டு, இரண்டுக்கும் இசைக்கோப்பு நெல்சன் ரிடிலுடையது. 1956-ஆம் ஆண்டுப் பதிவில் தாழ்ந்த சுரத்தில் டிராம்போன்கள் என்னும் பித்தளை ஊதுகருவிகள் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து, அடுக்கடுக்காக ஏறி, மில்ட் பெர்ன்ஹார்ட்டின் தனி டிராம்போன் வாசிப்பில் போய் வெடிக்கும் இடம் ஒன்றுண்டு. அது முடிந்து சினாட்ரா மீண்டும் நுழையும்போது பாடலின் மனநிலையே மாறியிருக்கும். 1963-இல் ஒலி அகலமாகிவிட்டது, குரலும் தடித்துவிட்டது. எல்லாச் சுரங்களும் அதனதன் இடத்தில் இருந்தும் அந்த ஏற்றத்தின் இறுக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. 2008-இல் வந்த ‘நத்திங் பட் தி பெஸ்ட்’ தொகுப்பு ரிப்ரைஸ் பதிவுகளை மட்டுமே கொண்டது. ஆகவே “கம் ஃபிளை வித் மீ” அதில் இருந்தாலும், பில்லி மே இசைக்கோப்பில் கேபிடலுக்காக அவர் முதலில் பாடியது அதில் இல்லை. ‘அல்டிமேட் சினாட்ரா’ மூன்று நிறுவனங்களின் பதிவுகளையும் ஒன்றாகத் தருவதால் இந்தக் குறை பெருமளவு நீங்குகிறது. சினாட்ராதான் வேண்டும் என்பவர் வேறெதையும் தேட வேண்டியதில்லை. ஒரு தட்டில் அடங்கிய சுருக்கப் பதிப்பை விட்டு நான்கு தட்டுப் பதிப்பை எடுப்பது நல்லது.

மலிவுப் பெட்டிகள் எப்படி அவ்வளவு மலிவாகின்றன என்பதற்கு விடை ஐரோப்பியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு முன்பு 50 ஆண்டுகள். 2011-இல் இயற்றிய ஆணையின்படி அது 70 ஆண்டுகளாயிற்று. ஆனால் அது நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே காலாவதியாகியிருந்த உரிமைகள் உயிர்பெறவில்லை. ஆக, 1962 முடிய வெளிவந்தவற்றை அங்கே எவரும் பதிப்பிக்கலாம். அமெரிக்காவில் நிலைமை வேறு: 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 1950-களின் பதிவுகளுக்கு நெடுங்காலப் பாதுகாப்பைத் தந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்சொன்ன வரம்பு காரணமாக சினாட்ராவின் 1963 மறுபதிவுகள் இந்தப் பெட்டிகளுக்குள் சட்டப்படி நுழைய முடியாது. அந்த வகையில் மூலப்பதிவு கிடைக்கும் வாய்ப்பு இவற்றில்தான் கூடுதல்! அதே வரம்பு எலாவின் வரிசையைக் குறைத்துவிடுகிறது: 1961-இல் வந்த ஆர்லென் தொகுதியோடு நின்றுவிடும், 1963-இன் கெர்னும் 1964-இன் ஜானி மெர்சரும் இருக்காது. ஆனால் இந்த வெளியீட்டாளர்களிடம் மூல நாடா கிடையாது. பழைய தட்டிலிருந்தோ, வேறொருவர் வெளியிட்ட குறுந்தட்டிலிருந்தோ எடுக்கிறார்கள். நான் வாங்கிப் பார்த்த ஒரு பெட்டியில் இரைச்சலை நீக்குகிறோம் என்று சிம்பல் ஒலியையும் பாடகியின் மெல்லிய ‘ஸ்’ ஒலிகளையும் சேர்த்தே வழித்து எடுத்திருந்தார்கள். பதிவு ஆண்டோ, இசைக்கோப்பாளர் பெயரோ எங்கும் இல்லை. எல்லாரும் அப்படி என்று சொல்வது அநியாயம். ஜே.எஸ்.பி. நிறுவனத்துக்காக ஜான் ஆர். டி. டேவிஸ் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளிலிருந்து குறுந்தட்டுக்கு மாற்றிக் கொடுத்த பதிவுகள் பெரிய நிறுவனங்களையே வெட்கப்பட வைப்பவை. இந்த வகையில் நான் கேட்டவை சிலவே. வாங்குமுன் ஒவ்வொன்றையும் தனியாக விசாரிப்பதே சரி.

எலாவின் வரிசையில் ‘எந்தப் பதிவு’ என்ற கேள்வியே எழுவதில்லை. அங்குமிங்கும் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பன்று அது. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் 1956-இல் வெர்வைத் தொடங்கியபோதே, ஒரு பாடலாசிரியரை எடுத்துக்கொண்டு அவர் பாடல்களை வரிசையாகப் பாட வைப்பது என்று திட்டமிட்டார். அந்த ஆண்டு போர்ட்டரும் ரோஜர்ஸ்–ஹார்ட்டும், 1957-இல் டியூக் எலிங்டன், 1958-இல் பெர்லின், 1959-இல் கெர்ஷ்வின் என்று எட்டுத் தொகுதிகள் வந்தன. ஒவ்வொன்றும் குறுகிய காலத்துக்குள் முடித்த பதிவு; எலிங்டன் தொகுதி நீங்கலாக, அதற்கென்றே கூட்டிய இசைக்குழுவோடு. கெர்ஷ்வின் தொகுதி மட்டும் ஐந்து இசைத்தட்டுகளில் 53 பாடல்கள். இசைக்கோப்பு முழுவதும் ரிடில். முதல் பாடலில் கேட்கும் குரலுக்கும் கடைசிப் பாடலில் கேட்கும் குரலுக்கும் நடுவே பத்தாண்டு இடைவெளி கிடையாது.

இதனால் கிடைக்கும் இன்னொரு லாபம் பாடலின் முன்பகுதி. நம் திரைப்பாடல்களில் பல்லவிக்கு முன் வரும் தொகையறாவைப் போல, இந்தப் பாடல்களில் பலவற்றுக்கும் தாளம் தளர்ந்த ஒரு தொடக்கம் உண்டு. கதாபாத்திரம் யார், எதற்காகப் பாடுகிறது என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். பத்து அங்குல 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே அடங்கும் என்பதால் அந்தக் காலப் பதிவுகள் அதை அடிக்கடி வெட்டிவிட்டு நேரே பல்லவிக்குப் போயின. நீண்ட நேரத் தட்டுக்காகவே திட்டமிட்ட எலாவின் வரிசையில் அந்த முன்பகுதிகள் பல இடங்களில் திரும்பி வருகின்றன.

குறைகளும் இருக்கின்றன. போர்ட்டர், ரோஜர்ஸ்–ஹார்ட் தொகுதிகளுக்கு இசைக்கோப்புச் செய்த பட்டி பிரெக்மனுக்கு அப்போது வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான். சில பாடல்களில் பித்தளை வாத்தியங்கள் வார்த்தைகளை முட்டித் தள்ளுகின்றன. “ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்” அங்கும் இருக்கிறது, அதே 1956-இல் பதிவானது. போர்ட்டரின் மெட்டு எப்படி வளைகிறது என்பதை எலாவிடம் துல்லியமாகக் கேட்கலாம். அந்தப் பாட்டு ஏன் ஒருவரைத் தூங்க விடாது என்பது சினாட்ராவிடம்தான் புரியும். பாடல் வரிகளை எழுதிய லோரென்ஸ் ஹார்ட்டின் கசப்பான நகைச்சுவையும் எலாவின் தெளிந்த குரலில் சற்றுக் கரைந்துபோகிறது. ஒரே குரலைப் பதினாறு தட்டுகள் கேட்பதன் இழப்பு வேறு: கெர்ஷ்வின் சகோதரர்கள் 1937-இல் நடிகர் ஃபிரெட் அஸ்டேரின் படத்துக்கென்று எழுதிய “தே கான்ட் டேக் தட் அவே ஃபிரம் மீ” பாடலை, அஸ்டேரே பாடி ஒருமுறையேனும் கேட்க வேண்டும். ஒரு பாடலாசிரியருக்கு ஒரு தொகுதி என்ற எண்ணமும் கிரான்ஸ் கண்டுபிடித்ததன்று. பாடகி லீ வைலி 1939-லேயே கெர்ஷ்வின் பாடல்களை மட்டும் ஒரு தொகுதியாகப் பாடியிருக்கிறார்.

நான் சொல்வதெல்லாம் குறுந்தட்டுகளைச் சாதாரண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டதை வைத்துத்தான். அந்தக் காலத்து வெர்வ் இசைத்தட்டுகளின் ஒலி மேலானது என்று சேகரிப்பவர்கள் வாதிடுவார்கள்; அவற்றைப் போதிய அளவு கேட்காத நான் அதில் தலையிடவில்லை.

அந்தப் பதினாறு தட்டுப் பெட்டி இப்போது பழைய தட்டு விற்பவர்களிடம்தான் பெரும்பாலும் அகப்படும். மொத்தமாக வேண்டாம் என்பவர் தனித்தனித் தொகுதிகளாக வாங்கலாம். கெர்ஷ்வினில் தொடங்குவதையே சொல்வேன், அடுத்ததாக பில்லி மே இசைக்கோப்பில் வந்த ஆர்லென். 53 பாடல்கள் மலைப்பைத் தந்தால், 1950-இல் டெக்கா நிறுவனத்துக்காக எல்லிஸ் லார்கின்ஸின் பியானோ மட்டும் துணைவர எலா பாடிய எட்டு கெர்ஷ்வின் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள்; அதே இருவர் 1954-இல் செய்த பதிவோடு சேர்த்து ஒரே குறுந்தட்டாக வந்திருக்கிறது. “சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ” 1950-இலும் உண்டு, 1959-இலும் உண்டு. வயலின் கூட்டமில்லாத முதலாவதையே நான் அதிகம் கேட்கிறேன்.