பத்மினிக்கான சஸ்பென்ஷன் கிட்: மண்டபத்தில் மாட்டிப் பார்த்த பின்

உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிரீமியர் பத்மினி காருக்கு, சஸ்பென்ஷன், ஸ்டியரிங் உதிரிபாகங்களை ஒரே அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அப்படியொரு கிட்டைத் தபாலில் வரவழைத்து ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில், வீட்டு முற்றத்திலேயே மாட்டிப் பார்த்ததில், அதை இரும்புச் சாமான்களுக்காக வாங்கலாம், ரப்பருக்காக வாங்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முன்சக்கரங்கள் இடவலமாகத் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்கள்தாம் இதில் உயர்ந்த சரக்கு. மைக்ரோமீட்டரை வைத்து மேலிருந்து கீழ்வரை அளந்தபோது தடிமனில் வேறுபாடு தெரியவில்லை. அரம் வைத்துத் தேய்த்தாலும் வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அவற்றுக்கான வெண்கல புஷ்களை (உள்ளுறைக் குழாய்களை), சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலில் அழுத்தி ஏற்றியதும் உள்விட்டம் சற்றுச் சுருங்கிவிடுவதால், மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டாக வேண்டும் என்பதைப் பெட்டியோடு வந்த தாள் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. வீட்டில் ரீமர் இல்லாதவர்கள் விசைப்படகு ஷாஃப்ட் கடையும் லேத் பட்டறைக்கு ஆக்சிலை எடுத்துச் செல்லலாம். நம் கடற்கரையில் அதற்கு ஒன்றும் பஞ்சமில்லை. புஷ்ஷை ஏற்றும் முன், அதிலுள்ள கிரீஸ் துளை நிப்பிள் துளைக்கு நேராக நிற்கிறதா என்று கம்பியை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தவற்றில் ஒன்றில் துளையே போடப்படவில்லை. அதை அப்படியே மாட்டியிருந்தால், கிரீஸ் கன்னை எவ்வளவு அழுத்தினாலும் பின்னுக்கு ஒரு சொட்டுக்கூடப் போயிருக்காது. விற்றவர் மறுபேச்சின்றி வேறு புஷ் அனுப்பினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் தண்டுகளின் முனை மூட்டுகளான டை ராட் எண்டுகள் இறுக்கமாக, ஆட்டமின்றி இருக்கின்றன; அவற்றின் ரப்பர் உறைகள்தாம் மெலிந்தவை. பின்பக்கக் கமானின் (பட்டை ஸ்பிரிங்கின்) முனை வளையமான கண்ணுக்கான ரப்பர் புஷ்களோ, விரலால் அழுத்தினால் குழிந்து மெதுவாகவே மீள்கின்றன. வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே அவற்றின் போல்ட்டுகளை முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும். சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை கமான் மேல் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். அந்த எச்சரிக்கையோடு மாட்டியும் ஒரு பக்கத்து ரப்பர் பிதுங்கத் தொடங்கியதால், அங்கே வேறு தரமான புஷ் வாங்கிப் போட்டேன்.

மதுரைக்காரருக்குப் பெரிதாகத் தோன்றாத குறை ஒன்று இங்கே பெரிதாகத் தெரிகிறது. இருபுறமும் கடல் இருக்கும் ஊரில், கிட்டில் வந்த நட்டுகளின் துத்தநாகப் பூச்சு முதலில் வெள்ளையாகப் பூத்து, ஐப்பசி மழைக்கு முன்பே செந்துருவாக மாறிவிட்டது. நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்களைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிக்கொள்ளுங்கள்; தண்ணீரில் எளிதில் கரைந்து போகாத கால்சியம் கிரீஸைப் பயன்படுத்துங்கள். படகுச் சாமான் கடையில் இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

வேலை முடிந்து வீல் அலைன்மென்ட்டும் பார்த்த பிறகு, 1988-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2.3 கி.மீ. நீளமுள்ள பாம்பன் சாலைப் பாலத்தில், பக்கக் காற்று பலமாக வீசிய பிற்பகலில் ஓட்டினேன். முன்பு காற்று அடிக்கும்போதெல்லாம் வண்டி ஒதுங்க, ஸ்டியரிங்கைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. இப்போது திருத்தம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. எஞ்சியிருக்கும் சிறு பிளே (வெற்றாட்டம்), வார்ம்-ரோலர் வகை (திருகுப் பல்லும் உருளையும் இணைந்த) ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வருவது. அதைச் சரிக்கட்டும் திருகைச் சக்கரங்கள் நேராக நிற்கும் நிலையில்தான் தொட வேண்டும். ஒரு பக்கம் முழுதாக ஒடித்து வைத்துக்கொண்டு இறுக்கினால் நடுவில் வந்ததும் பிடித்துக்கொள்ளும். ‘ஸ்டியரிங்’ என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அந்த பாக்ஸுக்கு ஓர் எண்ணெய் சீல்கூட உள்ளே இல்லை. அதைத் தனியாகத்தான் தேடி வாங்க வேண்டும்.