0.02 நரி குட்டி போடும் செயலி

மூன்று வாரமாக ஒரு மக்கள்தொகை சிமுலேஷன் செயலியை நோண்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், குறை நிறைய சொல்லப் போகிறேன். மால்தஸ் (தடையில்லாப் பெருக்கம்), லாஜிஸ்டிக் (ஒரு வரம்பில் நின்றுவிடும் பெருக்கம்), லோட்கா-வோல்டெரா (வேட்டையாடியும் இரையும்), லெஸ்லி அணி (வயதுவாரிக் கணக்கு) எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஸ்லைடரை இழுத்தால் வரைபடம் கூடவே வளைகிறது.

வளர்ச்சிப் பகுதி உண்மையிலேயே அருமை. லாஜிஸ்டிக்கில் வருட வளர்ச்சி விகிதம் 0.5, தாங்குதிறன் (அந்த இடம் தாங்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கை) 1000, தொடக்கத்தில் 10 முயல் என்று வைத்தேன். நான்கு வருடம் கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, ஒன்பது வருடம் தாண்டியதும் 500, அந்த இடத்தில்தான் வேகம் உச்சம், வருடத்துக்கு 125 முயல், அப்புறம் மெல்ல மூச்சு வாங்கி 1000-இல் படுத்துவிடுகிறது. பெல்ஜியக் கணிதர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் எழுதிய இந்தச் சமன்பாடு கண்ணெதிரே ஓடுவதைப் பார்க்க ஒரு சந்தோஷம்தான். 1920-இல் பேர்ல், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே வளைவை அமெரிக்காவுக்குப் பொருத்தி, மக்கள்தொகை சுமார் 19.7 கோடியில் நின்றுவிடும் என்றார்களே, அதையும் உண்மைக் கணக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். 1960-களிலேயே நாடு அந்த வரம்பைத் தாண்டிப் போகிறது. இதைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதற்கே ஒரு நட்சத்திரம் தரலாம்.

தலைவலி அதற்குப் பிறகுதான். விகிதத்தை 2.3-க்கு ஏற்றினால் முயல்கள் இரண்டு எண்களுக்கு நடுவே மாறி மாறிக் குதிக்கின்றன, 2.7-இல் தலைகால் புரியாத ஆட்டம். சமன்பாட்டின்படி கோடு வழுக்கிக்கொண்டு போய் 1000-இல் சேர வேண்டும். நடப்பது என்னவென்றால், செயலி வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் கணக்குப் போடுகிறது, அப்படிப் போட்டால் அது வேறொரு சமன்பாடாகவே மாறிவிடும். சூழலியல் கணக்குகளில் பேர்போன ராபர்ட் மே 1976-இல் ஆராய்ந்த விஷயம் இதுதான். அதைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கலாம், ஆனால் திரையில் ஒரு வரி கூட இல்லை. நரி-முயல் பகுதியிலும் இதே கதை, நரி எண்ணிக்கையையும் முயல் எண்ணிக்கையையும் இரு அச்சாகப் போட்டால் மூடிய வட்டமாகச் சுற்ற வேண்டிய பாதை ஒவ்வொரு சுற்றிலும் அகலமாகிக்கொண்டே போகிறது, நானும் ஒரு சாயங்காலம் முழுக்க ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். புகார் எழுதினேன். கால இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. குறைத்தேன், சரியானது. அதை முதலிலேயே குறைத்து வைத்தால் என்ன?

குறைவது, அழிவது பக்கம் போனால் இன்னும் மோசம். நரி 0.02-க்கு இறங்கி, ஐம்பதில் ஒரு பங்கு நரி குட்டி போட்டு, மறுபடி கூட்டமாக வந்து நிற்கிறது. விகிதத்தை -0.1 என்று வைத்து, தாங்குதிறன் 1000-ஐ மாற்றாமல், 1200 முயலோடு தொடங்கிப் பாருங்கள். சாக வேண்டிய முயல்கள் பெருகிக்கொண்டே போகும்! வளர்ச்சி = விகிதம் × முயல் × (1 - முயல்/தாங்குதிறன்) என்பதுதான் சமன்பாடு, அடைப்புக்குறிக்குள்ளும் கழித்தல், வெளியே விகிதமும் கழித்தல், பெருக்கினால் கூட்டல். இது சமன்பாட்டின் பழைய ஓட்டை, செயலியின் தப்பு இல்லை, ஆனால் அந்த ஸ்லைடரைப் பூஜ்யத்துக்குக் கீழே விடாமல் பூட்டியிருக்கலாமே.

பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ தீவு இருக்கிறது. 1944-இல் 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டார்கள், 1963-இல் 6000, 1966-இல் எண்ணியபோது 42. அதை இந்தச் செயலியில் வரவைக்க இரண்டு நாள் முயன்றேன், முடியவில்லை. மான்கள் லைக்கனை (பாறையிலும் தரையிலும் படர்ந்து வளரும் பாசி போன்ற உயிரி) மேய்ந்து தீர்த்ததில் தாங்குதிறனே சரிந்தது, கூடவே கடும் குளிர்காலம் ஒன்றும் வந்தது. இங்கோ தாங்குதிறன் என்பது கல்லில் செதுக்கிய எண். மிஞ்சிய 42-இல் கிடா ஒன்றே ஒன்று, அதுவும் அநேகமாக மலடு என்பதைச் சொல்லவும் இடமில்லை, ஆண் பெண் என்ற பிரிவே கிடையாது.

ஐந்துக்கு மூன்று. வளர்ச்சியைப் புரியவைக்க வகுப்பில் தாராளமாகக் காட்டலாம், கால இடைவெளியை 0.01 வருடத்துக்கு மாற்றிவிட்டு. சரிவைப் பார்க்க எனக்கு எக்செல்லே போதும், மான் கணக்கை அதில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.