உயரப் பாத்தியா, மேசைத் தொட்டியா?

குனிய முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் தோட்டம் அமைத்துத் தரும்போது பெரும்பாலும் குழப்பம் இந்த இரண்டில்தான். தரையிலிருந்து சுவர் எழுப்பி மண் நிரப்பினால் அது உயரப் பாத்தி. கால்கள்மேல் நிற்கும், ஆழம் குறைந்த தொட்டிதான் மேசைத் தொட்டி.

கை எட்டுவது
பாத்தி: அடியில் முழங்கால் நுழையாது. நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி, உடம்பைத் திருப்பித்தான் களை எடுக்கவேண்டும். கொஞ்ச நேரத்திலேயே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.
தொட்டி: அடியில் சுமார் 70 செ.மீ. இடைவெளி விட்டால் நேராக உள்ளே போய் உட்காரலாம்.
எதுவானாலும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வேலை செய்வதென்றால் அகலம் 60 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் அந்தப்பக்கம் களைக்குத்தான் சொந்தம்!

மண், தண்ணீர்
பாத்தி: வேர் இறங்க ஆழம் உண்டு, ஈரமும் நிற்கும். தக்காளி, கேரட் எல்லாம் வரும்.
தொட்டி: கீரை, புதினாவுக்குச் சரி. ஆனால் சீக்கிரம் காயும். சொட்டுநீர்க் குழாய் போடாவிட்டால் வாளி தூக்கவேண்டி வரும்.

ஆயுள், இடமாற்றம்
பாத்தி பல வருடம் நிற்கும், நகராது. தொட்டியைக் காலி செய்து இடம் மாற்றலாம். ஈரமண் எடையைத் தொட்டியின் கால்கள் தாங்கவேண்டும்.

நாற்காலியிலேயே முழு வேலையும் செய்பவருக்கு என் ஓட்டு மேசைத் தொட்டிக்கு. நின்று வேலை செய்யக்கூடிய, முட்டிவலி உள்ளவருக்கும், விளிம்பைத் தடவி இடம் அறியும் பார்வையற்றவருக்கும் உயரப் பாத்தி. அப்புறம், நாற்காலி போகும் பாதை குறைந்தது 90 செ.மீ. அகலம், கெட்டியான தரையாக இருக்கட்டும். சரளைக்கல்லில் சக்கரம் புதைந்துவிடும்.