பட்டை ஸ்பிரிங்கா, சுருள் ஸ்பிரிங்கா? குன்னூர் மேசைக்கு வந்த இரண்டு ரிவால்வர்கள்

குன்னூரில் பெரியப்பாவின் துப்பாக்கி ரிப்பேர் கடையில் ஒரே வாரத்தில் இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள் வந்து சேர்ந்தன, ஒவ்வொரு முறை சுடவும் ஹேமரை (அடிக்கும் சுத்தியல்) கையால் பின்னால் இழுக்க வேண்டிய ரகம். ஒன்று வெலிங்டன் பக்கம் குடியிருக்கும் ரிட்டயர்டு சுபேதாருடையது, இன்னொன்று கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் பொள்ளாச்சிக்காரருடையது. இருவரும் சொன்ன குறை ஒன்றுதான்: "சிலிண்டர் சரியாகச் சுற்றவில்லை." சிலிண்டர் என்பது குண்டு போடும் அறைகள் கொண்ட உருளை. உள்ளே இருந்ததோ இரண்டு வேறு உலகம்.

சுபேதாருடையது பட்டை ஸ்பிரிங் ரகம். 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட கோல்ட் ரிவால்வரின் அமைப்பை அப்படியே பின்பற்றியது. மூன்று தட்டையான ஸ்பிரிங்குகள்: ஹேமருக்கு ஒன்று, சிலிண்டரைத் தள்ளிச் சுற்றும் 'கை' என்ற பாகத்துக்கு ஒன்று, விரலால் அழுத்தும் விசைக்கும் சிலிண்டரைச் சுற்றாமல் பிடித்து நிறுத்தும் பூட்டுக்கும் சேர்த்து நடுவே பிளந்த ஒன்று. மற்றது சுருள் ஸ்பிரிங் ரகம். ரூகர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1953-இல் கொண்டுவந்த சிங்கிள் சிக்ஸ் ரிவால்வரில் தொடங்கிய வழி அது. அதன் 1973-க்குப் பிந்தைய வடிவத்தில், விசையை அழுத்தினால் மட்டும் மேலே வந்து ஹேமரின் அடியை, குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசிக்குக் கடத்தும் ஒரு சின்னத் தகடும் உண்டு. அதனால் ஆறு அறையும் நிரப்பிக்கொள்ளலாம். பழைய அமைப்பில் ஹேமருக்கு நேரே ஒரு அறையைக் காலியாக விட்டு, ஐந்துதான் போட வேண்டும். பாதுகாப்பில் புதியதுதான் மேல், அதில் பேச்சே இல்லை.

கோளாறு கண்டுபிடிப்பது என்று வந்தால் எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அது வாய் திறந்து பேசும். குண்டு இல்லை என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, ஹேமரை (பழைய ஆட்கள் 'குதிரை' என்பார்கள்) மெதுவாகப் பின்னால் இழுத்தால் நாலு கிளிக் கேட்க வேண்டும். முதலாவது பாதுகாப்புக் காடி, இரண்டாவது குண்டு போடும் அரைநிலை, மூன்றாவது பூட்டு சிலிண்டர் மேல் விழுவது, நாலாவது முழுநிலை. சுபேதாருடையதில் நாலும் கேட்டன. ஆனால் குழல் மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் சிலிண்டர் அசையவே இல்லை, கீழே கவிழ்த்துப் பிடித்தால் ஒழுங்காகச் சுற்றியது. பெரியப்பா திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "கை ஸ்பிரிங் போச்சுடா." கவிழ்த்தால் கை தன் எடையிலேயே முன்னால் சாய்ந்து சிலிண்டரின் பல்லைப் பிடிக்கிறது. நிமிர்த்தினால் பின்னால் சரிகிறது, முன்னே தள்ள ஸ்பிரிங் இல்லை. பிரித்துப் பார்த்தால் ஒடிந்த இடத்தில் சின்னத் துருக்குழி. இந்த ஊர் ஜூலை ஈரத்துக்குத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் வேறென்ன ஆகும்?

பூட்டுக் கோளாறும் அதில் அப்படித்தான். மூன்றாவது கிளிக் காணாமல் போய், முழுநிலையிலும் சிலிண்டர் கையால் சுற்றினால் சுற்றுகிறது என்றால், பிளந்த ஸ்பிரிங்கில் பூட்டுப் பக்கக் கால் ஒடிந்திருக்கும். விசை தொளதொளவென்று தொங்கினால் மறு கால்.

சுருள் ரகம் இப்படிக் காட்டிக்கொடுக்காது. 1973-க்குப் பிந்தைய வடிவத்தில் அரைநிலை கிடையாது. குண்டு போடும் கதவைத் திறந்தாலே பூட்டு இறங்கி சிலிண்டர் விடுபடும். சுருள் ஸ்பிரிங் ஒடிவதும் அபூர்வம். ஆனால் கைக்கும் பூட்டுக்கும் உள்ள சுருள்கள் தனித்தனிக் குழிக்குள் உட்கார்ந்து, ஒரு சின்ன ஊசியைத் தள்ளுகின்றன. அந்தக் குழியில் எது அடைந்தாலும் நல்ல ஸ்பிரிங்கும் செத்த ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்ளும். தோட்டக்காரருடையதில் அடைந்திருந்தது தேங்காய் எண்ணெய்! சொந்தத் தோப்பு எண்ணெய் என்று பெருமையாகவே சொன்னார். பொள்ளாச்சி வெயிலில் அது எண்ணெய்தான். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், கோத்தகிரியில் வருஷத்தில் பாதி நாள் அது மெழுகு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, குழியைச் சுத்தம் செய்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் சிலிண்டர் பழையபடி சுற்றியது. ஒரு பாகம்கூட மாற்றவில்லை.

இந்த ரகத்தில் இன்னொரு புகார் அடிக்கடி வரும்: "அடிக்கிறது, வெடிக்கவில்லை." முதலில் கேட்க வேண்டியது, விசை லேசாக இருக்கட்டும் என்று ஹேமர் ஸ்பிரிங்கை யாராவது மெலிதாக மாற்றினார்களா என்பது. அடுத்து, அந்தக் கடத்தும் தகடு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசையை முழுக்க அழுத்தாமல் பாதியில் விடுகிற பழக்கத்தாலும் இது நடக்கும். தகடு இறங்கிவிட்டால் ஹேமர் ஊசியைத் தொடாது.

அப்புறம் இரண்டுக்கும் பொதுவானவை: சிலிண்டர் அச்சு ஊசி முன்னால் நகர்ந்திருப்பது, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஈயக் கரி சேர்ந்து உரசுவது. இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

ரிப்பேர் என்று வரும்போது மலையில் கணக்கு மாறுகிறது. சுருள் ஒடிந்தால் அதே கனத்தில் கம்பி வேண்டும், இல்லையென்றால் பாகம் வரும்வரை காத்திருப்பதுதான். பட்டையை மேசையிலேயே செய்துவிடலாம். ஸ்பிரிங் எஃகுத் துண்டை நீளவாக்கில் மட்டுமே அரத்தால் தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் பின்னாளில் அங்கேதான் ஒடியும். செக்கச்சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதம். திரும்ப மெதுவாகச் சூடேற்றி, நீலம் ஓடும்போது நிறுத்த வேண்டும். நான் செய்த முதல் ஸ்பிரிங் பொருத்தும்போதே ஒடிந்தது, நீலம் வருமுன் அவசரப்பட்டுவிட்டேன். இரண்டாவதுதான் சுபேதாருடையதில் இருக்கிறது.

வீட்டில் இதையெல்லாம் முயலக் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேருக்கும் லைசென்ஸ் வேண்டும். வைத்திருப்பவர் செய்யக்கூடியது துடைப்பதும் எண்ணெய் போடுவதும்தான்.

எந்த ரகம் வாங்கலாம் என்று கேட்டால் சுருள்தான் என்பேன். எதைப் பிரித்துப் பார்க்க ஆசை என்றால் பட்டை.

தோட்டக்காரர் போன மாதம் மறுபடி வந்தார். துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறதாம், ஒரு சந்தேகம் மட்டும்: "தம்பி, தேங்காய் எண்ணெய்தானே உறையும்? நல்லெண்ணெய் போடலாம்ல?"