ஃபர்லோ ஆன ஏர்லைன் ஊழியரின் பாஸ் விலைக்கு என்றால் பணம் அனுப்பாதீர்கள்

"ஏர்லைன்ஸ்ல ஃபர்லோ ஆன ஃபிரெண்டோட பாஸ் சும்மா கிடக்கு, இந்தியாவுக்குப் பாதி விலை" என்று வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. 2020இல் எங்களை ஏமாற்றிய அதே ஆளா தெரியாது, வாசகம் அச்சு அசல் அதேதான்.

அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி, கொரோனாவுக்காக அமெரிக்க அரசு ஏர்லைன்களுக்குக் கொடுத்த சம்பள உதவி முடிந்த கையோடு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சுமார் 19,000 பேரையும் யுனைடெட் சுமார் 13,000 பேரையும் ஃபர்லோவில் அனுப்பின. ஃபர்லோ என்றால் சம்பளம் கிடையாது, கம்பெனி கூப்பிட்டால் திரும்பி வரலாம். இப்படிப் போனவர்களுக்கும் பயணச் சலுகை கொஞ்ச காலம் ஓடும். எத்தனை மாதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் ஒன்று 'பட்டி பாஸ்'. தெரிந்தவர் ஒருவரை, சீட் காலி இருந்தால் மட்டும், குறைந்த கட்டணத்தில் ஊழியர் ஏற்றிவிடலாம்.

மார்ச்சில் ஊர் திரும்ப வேண்டிய என் அம்மா எங்களோடு நியூ ஜெர்சியிலேயே மாட்டிக்கொண்டார். 'ஏர் பபுள்' என்று இரு நாடுகள் பேசிவைத்து அப்போது ஓட்டிய விமானங்களில் டிக்கெட் விலை தாறுமாறு. அப்போதுதான் இந்த ஆள் வந்தார். "700 டாலர், எல்லாம் கம்பெனிக்குக் கட்டுற டேக்ஸ்தான்ணா, எனக்கு ஒரு சென்ட் வேணாம்." பேங்க் கணக்கிலிருந்து நேராகப் பணம் போகும் ஸெல்லில் (Zelle) அனுப்பினோம். ஆறெழுத்து புக்கிங் கோடு வந்தது. ஏர்லைன் ஆப்பில் போட்டால் அம்மா பெயர் வந்தது. பாஸ் நிஜம்தான்.

டெல்லி விமானத்துக்கு அம்மா ஸ்டாண்ட்பை, அதாவது சீட் மிஞ்சினால்தான் இடம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. காசு கொடுத்தவர்கள், பிறகு சீனியாரிட்டிப்படி ஊழியர்கள், அவர்கள் குடும்பம், எல்லாருக்கும் பின்னால்தான் பட்டி பாஸ். கேட் திரையில் காத்திருப்பவர்களின் பெயர் சுருக்கமாக ஓடும்; அம்மா அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். இந்தியாவில் இறங்கியதும் ஏழு நாள் அடைத்துவைக்காமல் இருக்க அப்போது ஆர்டிபிசிஆர் என்ற கொரோனா டெஸ்ட் ரிசல்ட் வேண்டியிருந்தது, அதற்கு 72 மணி நேரக் கெடு. விமானம் தவறியதும் டெஸ்ட் காலாவதி. திரும்ப மூக்கில் குச்சி, திரும்பச் செலவு. டெல்லி–சென்னை டிக்கெட்டும் போச்சு.

அடுத்த முறை போனபோது கவுன்ட்டரில் இருந்த பெண் சாதாரணமாகத்தான் கேட்டார், பாஸ் கொடுத்தவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று. அம்மா ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், பொய் வராது. "அவங்க யாருன்னே தெரியாதும்மா, என் பையன் 700 டாலர் குடுத்து வாங்கினான்" என்று சுத்தமான இங்கிலீஷில் சொல்லிவிட்டார். தட்டிக்கொண்டிருந்த கை கீபோர்டிலேயே நின்றது. சூப்பர்வைசர் வந்தார். ஊழியர் பாஸை விற்பதை எந்த ஏர்லைனும் அனுமதிப்பதில்லை. பாஸ் ரத்து.

அன்று ராத்திரி அந்த ஊழியரே போன் செய்தார், ஃபர்லோவில் இருந்த ஒரு ஃப்ளைட் அட்டெண்டன்ட். இந்த ஆள் "என் அத்தை, பாவம், மாட்டிக்கிட்டாங்க" என்று அவரிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறார். கட்டணம் அந்தப் பெண்ணின் கார்டில் போயிருக்கிறது, 700 டாலரில் ஒரு பங்கு மட்டும் அவருக்குத் திரும்பியிருக்கிறது, மீதி இந்த ஆள் பையில். விற்ற விஷயமே தெரியாத அந்தப் பெண்ணுக்குப் பயணச் சலுகை முடக்கம், விசாரணை வேறு. வேலைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த நேரத்தில். எங்கள் மேல் கத்தினார். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

பணம் வரவில்லை. நீங்களே அனுப்பியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பேங்க் கைவிரித்தது. ஆள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அம்மா கடைசியில் முழு விலை டிக்கெட்டில்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது யாராவது இப்படி பாஸ் தருகிறேன் என்றால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஊழியரிடமே போனில் பேச வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டதற்கு வந்த பதில்: "வேலை போன டென்ஷன்ல இருக்காங்கண்ணா, இப்ப போய்த் தொந்தரவு பண்ணாதீங்க."