அட்மின் கமாண்ட் விண்டோ: கண்ட்ரோல்-ஷிப்ட்-என்டரா, சூடோவா?

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை, அதாவது கட்டளைகளை அடித்து இயக்கும் விண்டோவை, அட்மினாக (கணினியில் முழு உரிமையோடு) திறக்க எல்லோருக்கும் தெரிந்த வழி: ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று அடித்து, ரைட் கிளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. மவுஸைத் தொடாமல் அதையே செய்ய, சிஎம்டி என்று அடித்தபின் கண்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். டாஸ்க்பார் உறைந்து போனால் டாஸ்க் மேனேஜரில் 'ரன் நியூ டாஸ்க்' போட்டு, அட்மின் உரிமைக்கான டிக் அடித்துத் திறக்கலாம். அவசரத்துக்கு உதவும், அன்றாடத்துக்கு வேண்டாம்.

நான் பல வருடம் மூன்று விசைக்காரன். இப்போது சூடோவுக்கு, அதாவது ஒரு கட்டளையை மட்டும் அட்மின் உரிமையோடு ஓட்டும் வசதிக்கு, மாறிவிட்டேன். காரணம் ஒன்றுதான்: ஃபோல்டர்.

சாதாரண விண்டோ உங்கள் யூசர் ஃபோல்டரில் திறக்கும். அட்மின் விண்டோ திறப்பதோ விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில். டி டிரைவில் வேலை செய்துகொண்டிருப்பவன் ஒவ்வொரு முறையும் சிடி (ஃபோல்டர் மாற்றும் கட்டளை) போட்டுத் திரும்பி வர வேண்டும். சிடியோடு '/d' என்ற ஸ்விட்சைச் சேர்க்க மறந்தால் டிரைவே மாறாது. ஒருநாள் பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்) ஒன்றை ரைட் கிளிக் செய்து அட்மினாக ஓட்டினேன். பக்கத்திலேயே இருந்த ஃபைலைக் 'காணவில்லை' என்றது. அரை மணி நேரம் ஃபைலைத் திட்டினேன். அது தேடிக்கொண்டிருந்தது சிஸ்டம்32-இல்! இன்னொரு தொல்லை, வேலை முடிந்தும் அட்மின் விண்டோ திறந்தே கிடக்கும். தலைப்பில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று எழுதியிருந்தாலும் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் வந்த சூடோவை செட்டிங்ஸில் ஒருமுறை இயக்கிவிட்டால் போதும். 'இன்லைன்' முறையில், அதாவது அதே விண்டோவிலேயே, இருக்கிற ஃபோல்டரில் இருந்தபடியே கட்டளைக்கு முன்னால் சூடோ என்று சேர்த்தால், அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அட்மின் உரிமை. லினக்ஸ் போல் பாஸ்வேர்ட் கேட்பதில்லை, வழக்கமான 'யெஸ்' பெட்டிதான் வரும்.

குறையும் உண்டு. விண்டோஸ் 10-இல் இது கிடையாது. உரிமையில்லாத புரோகிராம் ஏதாவது அதே விண்டோ வழியாக உள்ளே புக வாய்ப்பிருப்பதால், இன்லைனைவிடப் புது விண்டோ முறையே பாதுகாப்பானது. நான் இதை என் சொந்தக் கணினியில் சில மாதங்களாகத்தான் ஓட்டுகிறேன்; பலர் தொடும் கணினியில் இன்லைனைப் பரிந்துரைக்கும் அளவுக்கு அனுபவம் போதாது. அங்கே போய் உட்கார்ந்தால் இன்னும் அதே மூன்று விசைதான், அப்புறம் முதல் வேலையாக சிடி.