டி31 வரிசையோடு எட்டு ஆண்டுகள்

கண் மருத்துவ சார்ட்டுகளுக்கு நோய்களுக்கான அமெரிக்கக் குறியீட்டு முறையான ஐசிடி-10-சிஎம்-இல் கோடு போடும் வேலையில் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கண்ணில் வரும் புற்றுநோயல்லாத கட்டிகளுக்கு அதில் டி31 வரிசை.

அமைப்பு எளிதுதான். புள்ளிக்கு அடுத்த எண் கட்டி இருக்கும் இடம், கடைசி எண் எந்தக் கண் என்பது. கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடும் சவ்வான கன்ஜங்க்டைவாவுக்கு 0, கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலமான கார்னியாவுக்கு 1, விழித்திரைக்கு 2, அதன் பின்னால் உள்ள ரத்தக் குழாய் அடுக்கான கோராய்டுக்கு 3. வலது கண் 1, இடது 2. ஆக, வலது கண் கோராய்டில் நீவஸ், அதாவது மச்சம் என்றால் டி31.31. இரண்டு கண்ணிலும் இருந்தால் இரண்டு கோடும் போட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு கிடையாது. பழைய ஐசிடி-9-இல் கோராய்டுக்கு 224.6 என்று மட்டும்தான் இருந்தது, எந்தக் கண் என்றே தெரியாது. நீவஸை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும் நோயாளிக்கு எந்தக் கண் என்று சொல்லும் இந்தக் கடைசி எண் எவ்வளவு முக்கியம்! அதனால் ‘கண் குறிப்பிடப்படவில்லை’ என்ற 0-வை நான் போடவே மாட்டேன். பரிசோதனைக் குறிப்பில் எந்தக் கண் என்பது எங்காவது இருக்கும், தேடினால் கிடைக்கும்.

என்னை உண்மையில் பாடாய்ப் படுத்தியது வேறொன்று. கன்ஜங்க்டைவாவில் ஒரு கட்டி, பயாப்ஸி எடுத்து அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. என்ன கட்டி என்று உறுதியில்லை என மருத்துவர் எழுதியிருந்தார். நான் டி48.7 போட்டேன், அது ‘தன்மை உறுதியற்ற’ கட்டிக்கான கோடு என்பதால். ஆடிட்டில் பிழை என்று வந்தது. அந்த ‘உறுதியற்ற’ என்பது பேத்தாலஜி நிபுணரின் சொல். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகும் நல்லதா கெட்டதா என்று அவரால் சொல்ல முடியாவிட்டால்தான் டி48.7. யாரும் இன்னும் பார்க்கவே இல்லை என்றால் அது டி49.89. நம் பேச்சில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் நோயாளியின் பதிவில் ஒன்று ஆய்வின் முடிவு, மற்றது இன்னும் தெரியவில்லை என்ற நிலை. அன்று முதல் பயாப்ஸி போயிருந்தால், முடிவு வரும்வரை காப்பீட்டு க்ளெய்மைப் பிடித்து வைக்கச் சொல்கிறேன்.

அப்புறம் எவை இந்த வரிசையில் சேராது என்று சொல்லும் எக்ஸ்க்ளூட்ஸ் குறிப்புகள். கண்ணிமைத் தோலில் உள்ள மச்சம் டி22.1-க்குப் போகும், அதிலும் மேல் இமையா கீழ் இமையா என்று சொல்ல வேண்டும். பார்வை நரம்புக் கட்டி டி33.3. கருவிழிப்படலமான ஐரிஸுக்குத் தனி எண் இல்லை, அதன் பின்னால் உள்ள சிலியரி பாடியோடு சேர்த்து டி31.4-இல்தான். புதிதாக வருபவர்கள் அதைக் கார்னியாவின் கீழ் தேடித் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்றும் மனம் ஒப்பாதது விழித்திரை ஹீமாஞ்சியோமா. ரத்தக் குழாய்க் கட்டி என்று தெளிவாகத் தெரிந்தாலும் டி31.2-இன் கீழ் உள்ள குறிப்பு அதை, தன்மை குறிப்பிடப்படாத விழித்திரைக் கட்டிகளுக்கான டி49.81-க்கு அனுப்புகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், அந்தச் சொல் சார்ட்டில் வந்தால் குறிப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.